பிளையின்றித் தமிழ் எழுதுவோம்

"அண்ணே, 'ழை' வந்துருச்சு. எங்க ஒட்டட்டும்?"

ஃபிளெக்ஸ் கடை முதலாளி கோகுல் ஏணியின் உச்சியில் நின்று, உள்ளங்கை அகல ஸ்டிக்கர் ஒன்றை ஆட்டிக் காட்டினார். கீழே நின்ற ஜெயபாண்டி அண்ணாந்து பார்த்தார். பவழம் மஹாலின் முகப்பில் பன்னிரண்டடிக்கு எட்டடி பேனர். அதில் பாதி இடத்தை ஜெயபாண்டியின் சிரித்த முகமே அடைத்திருந்தது. மீதிப் பாதியில், கண்ணாடி மறந்தவரும் படிக்கிற பருமனில், 'பிளையின்றித் தமிழ் எழுதுவோம்! பெரியவர்களுக்கான மாபெரும் எழுத்துப் போட்டி!'

"ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போறேன். அதுல போயி பிழையவே பிளைன்னு அடிச்சிருக்கீகளே கோகுலு, நியாயமா?"

"நான் எங்கண்ணே அடிச்சேன்? நீங்க வாட்ஸ்அப்புல அனுப்புனதை அப்படியே எடுத்துப் போட்டேன். வேணும்னா போனைப் பாருங்க."

ஜெயபாண்டி போனைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தமிழ் பேச வரும், மணிக்கணக்கில் வரும். எழுதத்தான் வராது. ல, ள, ழ மூன்றும் அவருக்கு ஒரே சாயலில் பிறந்த பிள்ளைகள். எதை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று நாற்பத்தாறு வயதிலும் பிடிபடவில்லை.

இது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி சத்யபிரியா. தாலுகா ஆபீஸுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, நாளெல்லாம் ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறவள். பேனர் வாசகத்தை அவளிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பாள். ஆனால் கலைஞன் என்பவன் தன் படைப்பை வீட்டில் காட்டித் திருத்திக்கொள்வதில்லை. ஊர் நடுவே கட்டித் தொங்கவிட்டுத்தான் திருத்திக்கொள்வான்.

ஜெயபாண்டியின் கலை வாழ்க்கை விரிவானது. ஒரே துறையில் தோற்றவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர் பல துறைகளில் தோற்றவர். முதலில் பொங்கல் விழா மேடைகளில் பலகுரல்: ரயில் கிளம்புவது, குழந்தை அழுவது, மிக்ஸி ஓடுவது. ஆளுக்கொரு செல்போன் வந்து அதுவே எல்லாச் சத்தமும் போட ஆரம்பித்ததும் அவர் சத்தம் அடங்கியது. பிறகு பட்டிமன்றம். தலைப்பு எதுவாக இருந்தாலும் தோற்கிற அணியில் மூன்றாவது பேச்சாளர். கல்யாண வரவேற்பில் தொகுப்பாளராகப் போனார். "முதமுதல்ல யாருக்கிட்ட மனசைப் பறிகொடுத்தீக மாப்ள?" என்று மைக்கை நீட்டினார், மாப்பிள்ளை உணர்ச்சிவசப்பட்டு வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அன்றைக்கு ஜெயபாண்டி சாப்பிடாமலே திரும்பினார். கடைசியில் நிலைத்தது ஒன்றுதான். பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிற வண்டிக்குப் பதிவு செய்து கொடுத்த குரல் இன்னும் தெருத்தெருவாகப் போகிறது. அதனால் மேடையில் அவர் "தாய்மார்களே" என்று ஆரம்பித்தாலே முன்வரிசைப் பெண்களுக்கு வீட்டில் கிடக்கும் உடைந்த வாளி ஞாபகம் வந்துவிடும்.

போன வருடம் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஏதோ வெளிநாட்டில், ஒரு மதுக்கடையில், தலை நரைத்தவர்கள் வரிசையாக வந்து சொற்களுக்கு எழுத்துக் கூட்டினார்கள். ஒருவர் மைக் பிடித்து அவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தார். கடையே குலுங்கிச் சிரித்தது. மதுவை மட்டும் எடுத்துவிட்டால் இது அருப்புக்கோட்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்று ஜெயபாண்டிக்குத் தோன்றியது. படித்தவர் தப்பாக எழுதுவதைப் பார்ப்பதைவிட மற்றவருக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

திருச்சுழியில் இரண்டு முறை நடத்தினார். சுமாரான கூட்டம், நல்ல சிரிப்பு. இரண்டிலும் நடுவராக இருந்து மானத்தைக் காப்பாற்றிய நூலகர் மாற்றலாகிப் போய்விட்டார். இது மூன்றாவது, அருப்புக்கோட்டையில் முதலாவது. இதைப் பார்க்க மில் முதலாளி ஆனந்தகுமார் வருகிறார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரும், அதில் தனக்கும் இடம் வரும் என்று காத்திருப்பவர். அதற்குள் தன் பெயர் நாலு ஊருக்குத் தெரியவேண்டும் என்ற ஆசை அவருக்கு. பிடித்திருந்தால் பன்னிரண்டு ஊர்களில் தன் செலவில் நடத்தச் சொல்லுவேன் என்றிருந்தார்.

சத்யபிரியாவும் காலையில் ஒன்று சொல்லியிருந்தாள்.

"ஏங்க, இதுவும் ஊத்திக்கிச்சுன்னா திங்கக்கிழமை திருச்சுழிக்குப் போயி எங்க அண்ணன் கடையில ஒக்காந்துரணும். பிவிசி பைப்பு விக்கிறதுக்கு எழுத்தெல்லாம் வேணாம்."

ஆகவே கோகுல் ஸ்டிக்கரை ஒட்டினார். 'ழை'யைக் கொஞ்சம் தாராளமாக வெட்டியிருந்தார். அது 'ளை'யை மறைத்த கையோடு பக்கத்திலிருந்த 'யி'யையும் விழுங்கியது. இப்போது 'பிழைன்றித் தமிழ் எழுதுவோம்' என்றிருந்தது.

"முன்னைக்கு இது தேவலையாண்ணே?"

 கூட்டம் வந்துகொண்டிருந்தது, வந்தவர்கள் பேனரைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஜெயபாண்டி மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார்.

"அன்பு நெஞ்சங்களே! வாசல் பேனர்ல ஒரு பிழை இருக்கு. நாங்களே வேணும்னு வச்சது! முதல்ல கண்டுபிடிக்கிறவுகளுக்கு எவர்சில்வர் குடம்!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நூற்றைம்பது பேரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். இரண்டு நிமிடத்தில் திரும்பினார்கள். ஒட்டுப்போட்ட பிழையைச் சொல்லி ஒரு நர்ஸ் குடத்தை வாங்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கே!" என்றார் ஓர் உரக்கடைக்காரர். "'சிரப்பு விருந்தினர்'னு போட்டிருக்கு. அவுக இருமலுக்கு வாராகளா?"

அவர் குக்கரை வாங்கிக்கொண்டார்.

"'வறவேற்கிறோம்'னு இருக்குங்க," என்றார் ஒரு தறிக்காரர். "கம்மாயில தண்ணி இல்லைங்கிறதுக்காக இப்படியா வறட்சியா வரவேற்பீக?"

அவர் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டார். போட்டி ஆரம்பிக்கும் முன்பே அதற்கென்று வைத்திருந்த மூன்று பரிசுகளும் தீர்ந்தன.

"கவலைப்படாதீங்க," என்றார் ஜெயபாண்டி. "இன்னைக்கு ஜெயிக்கிறவுகளுக்கு ஆனந்தகுமார் அண்ணாச்சி தன் கையாலயே மாபெரும் பரிசு தருவாக!"

அந்த நேரம் பார்த்து ஆனந்தகுமார் உள்ளே நுழைந்தார். வாசலில் தன் பெயருக்கு மேலே இருந்ததைப் படித்துவிட்டு வந்த முகம்.

"என்ன ஜெயபாண்டி, என்னையப் பாட்டில்ல அடைச்சுட்டீக?"

"எல்லாம் போட்டிக்காக அண்ணாச்சி. திட்டம்."

"மாபெரும் பரிசுன்னா என்னத்தக் குடுக்க? எங்க மில்லுல நூல் கோனைத் தவிர வேற ஒண்ணும் கிடையாதே."

"நூல்தான் அண்ணாச்சி. நூலறிவுக்கு நூலு!"

ஆனந்தகுமார் சிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இனி நடுவர் வந்தால்தான் பிழைப்பு. நரிக்குடியிலிருந்து புலவர் ரத்தினம் என்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வருவதாக ஏற்பாடு. ஜெயபாண்டி அவரை நேரில் பார்த்ததில்லை. "வெள்ளைச் சட்டை, வேட்டி, தோள்ல துண்டு, பெரிய மீசை. பார்த்ததும் தெரிஞ்சிரும்" என்று நண்பர் ஒருவர் அடையாளம் சொல்லியிருந்தார். அந்த வட்டாரத்தில் அறுபது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்குப் பொருந்துகிற துல்லியமான அடையாளம்.

பக்கவாட்டு வாசலில் அப்படியொருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயபாண்டி பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"நரிக்குடிதான ஐயா?"

"ஆமா தம்பி, நரிக்குடிதான். இங்க ஒரு ஆளைப் பாக்கணும்..."

"அந்த ஆளு நான்தான்! வாங்க, வாங்க."

"தம்பி, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒண்ணுமே சொல்ல வேணாம் ஐயா. மேடையில ஒக்காருங்க. மேசையில மணி இருக்கு. ஒருத்தன் தப்புப் பண்றான்னு தெரிஞ்சா அமுக்குங்க. அவ்வளவுதான் வேலை."

பெரியவர் யோசித்தார். "தப்புப் பண்றான்னு தெரிஞ்சாலா?"

"ஆமாய்யா."

"அது தெரிஞ்சிரும்," என்றார்.

அவர் கழுத்தில் மாலை விழுந்தது. காபி வந்தது. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு, நாற்காலியைக் கரும்பலகையின் பக்கம் சற்றே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அந்த உட்காரலைப் பார்த்ததும் சபை அடங்கியது. இப்படி உட்கார முப்பது வருடம் இலக்கணம் படித்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

சொற்களைக் கூட்டமே சொல்லவேண்டும், மேடைக்கு வருகிறவர் பலகையில் எழுதவேண்டும் என்று விதி. முதல் ஆறு பேரில் நான்கு பேரை மணி வீழ்த்தியது. அதிலும் பெரியவர் சொல்லை முழுதாக எழுதிமுடிக்கக்கூட விடவில்லை, பாதியிலேயே அடித்தார்.

"பாத்தீகளா, மீதி எழுத்து வாரதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாக. அதுதான் புலமை!" என்றார் ஜெயபாண்டி மைக்கில். அந்த நாலு பேர் எழுதியதும் அவர் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது.

அடுத்து முத்துராஜ் வந்தார். முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். சட்டைப்பையில் மூன்று பேனா. அவரிடம் நிலம் எழுதாதவர் அந்த ஹாலில் குறைவு.

"கிரயம்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் பரளச்சிப் பக்கத்து விவசாயி மொக்கையன்.

கூட்டம் சிரித்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா? முத்துராஜும் சிரித்துக்கொண்டே 'கி' என்று எழுதினார். முப்பது வருடம் யோசிக்காமல் எழுதிய சொல். யோசித்ததுதான் வினை. கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதியதை அழித்தார். பிறகு வழக்கம்போல 'கிரையம்' என்று எழுத ஆரம்பித்தார்.

மணி அடித்தது.

"ஐயா, பத்தாயிரம் பத்திரம் இப்படித்தான் எழுதியிருக்கேன்!" என்றார் முத்துராஜ்.

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. மொக்கையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏலே முத்துராஜு! அப்ப எங்க செவக்காடு? அதுக்கும் நீதான எழுதுன? காடு என்னுதா, இல்லையா?"

"எங்க வீட்டு மனை?" என்று எழுந்தார் இன்னொருவர். அரை நிமிடத்தில் இருபது பேர் நின்றார்கள். நாலு பேர் பத்திரத்தை எடுத்துவர வீட்டுக்கே கிளம்பினார்கள். எழுத்துப் போட்டி பதிவு அலுவலகமாக மாறுவதைக் கண்ட ஜெயபாண்டி, "தப்பு எழுத்துலதாங்க, நெலத்துல இல்ல! ஒக்காருங்க, காபி வருது!" என்று கத்தி, பாதிப் பேரை உட்கார வைத்தார். மீதிப் பாதி முத்துராஜைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கலவரம் ஒருவருக்கு மட்டும் பிடித்துப்போனது. ஆனந்தகுமார் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்த வேகத்தில் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

"நானும் ஒரு கை பாக்குறேன். சொல்லுங்கப்பா ஒரு வார்த்தை!"

ஜெயபாண்டி குறுக்கே பாய்ந்தார். "அண்ணாச்சிக்கு நானே சொல்றேன்" என்று 'அம்மா' மாதிரி ஒன்றைத் தேடுவதற்குள், கடைசி வரிசையிலிருந்து மில் தொழிலாளி சுமதி குரல் கொடுத்தாள்.

"நூற்பாலை!"

ஆனந்தகுமார் கம்பீரமாக 'நூ' போட்டார். அடுத்து சாக்பீஸ் பலகையைத் தொடாமல் காற்றில் நின்றது. ஓரக்கண்ணால் கீழே உட்கார்ந்திருந்த தன் மில் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேலை போகாத பக்கமாகப் பார்த்தார். ஆனந்தகுமார் 'ர்' போட்டார்.

மணி அடித்தது.

"ஐயாவுக்குக் கை பட்டுருச்சு!" என்று பாய்ந்தார் ஜெயபாண்டி. "சில நேரம் தானா அடிக்கும் இந்த மணி."

"கை படலை தம்பி," என்றார் பெரியவர். நிதானமாக இன்னொரு முறை அமுக்கினார்.

"என் மில்லு பேரு எனக்குத் தெரியாதா?" ஆனந்தகுமாரின் காது சிவந்தது.

சுமதி கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கார்டுல 'ற்'தான் போட்டிருக்கு."

 பன்னிரண்டு ஊரும் ஒவ்வொன்றாக விலகிப்போவதை ஜெயபாண்டி பார்த்தார். ஆனந்தகுமார் சாக்பீஸை அவர் பக்கம் நீட்டினார்.

"எல்லாரையும் எழுதச் சொல்றீகளே. நீங்க ஒண்ணு எழுதுங்க, பாப்போம்."

"நான் நடத்துற ஆளு அண்ணாச்சி..."

"எழுதுங்க!" என்றது நூற்றைம்பது தொண்டை. முத்துராஜின் தொண்டை தனியாகக் கேட்டது.

"வார்த்தை நான் தாரேன்," என்று நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சத்யபிரியா. ஜெயபாண்டிக்கு உயிர் வந்தது. வீட்டுக்காரி அல்லவா, கல், மண் என்று ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள்.

"முயற்சி," என்றாள். "பதினெட்டு வருசமா அதைத்தான பண்ணிக்கிட்டு இருக்கீக. எழுதுங்க."

ஜெயபாண்டி 'முய' வரை நன்றாகவே எழுதினார். பிறகு சாக்பீஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். 'ர்' போட்டுத்தான் ஆனந்தகுமார் கெட்டார் என்பதால் 'ற்' போட்டார். அது சரியாக இருந்தது. அத்தோடு 'சி' போட்டு நிறுத்தியிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு 'ச்' சேர்த்து, 'சி'யையும் போட்டார்.

'முயற்ச்சி.'

மணி நீளமாக அடித்தது.

 அப்போது எழுந்த சிரிப்பை ஜெயபாண்டி தன் கலை வாழ்க்கையில் கேட்டதில்லை. முத்துராஜ் சிரித்தார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் செவக்காட்டை மறந்து சிரித்தார்கள். ஆனந்தகுமார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பலகுரலுக்கும் பட்டிமன்றத்துக்கும் கிடைக்காத சிரிப்பு, ஓர் உதவாத 'ச்'சுக்குக் கிடைத்தது. ஜெயபாண்டிக்கு அழுகை வரும்போலிருந்தது. ஆனால் தொழில் தெரிந்தவர், குனிந்து கும்பிட்டார். சத்யபிரியாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன எதற்கும் அவள் சிரித்து வருடக்கணக்கு ஆகியிருந்தது.

அடுத்தடுத்த சுற்றுகளும் முடிந்தபோது மணி விழாமல் மிஞ்சியவள் தங்கலட்சுமி ஒருத்திதான். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள். கடைசிச் சொல்லை மொக்கையன் கொடுத்தார்.

"செவத்துல எழுதாதேங்கிறதை நல்ல தமிழ்ல எழுதும்மா."

தங்கலட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரே இழுப்பில், கொட்டை எழுத்தில், 'சுவற்றில் எழுதாதே' என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். பெரியவரின் கை மணிப் பக்கமே போகவில்லை.

"'சுவரில்'னுல்ல வரணும்?" என்று முனகினார் முத்துராஜ்.

"நீ மொதல்ல எங்க பத்திரத்தைத் திருத்து!" என்று இருபது பேர் சேர்ந்து அவரை உட்கார வைத்தார்கள். புலவரே சரி என்றபிறகு பத்திரம் எழுதுகிறவருக்கு என்ன பேச்சு? தங்கலட்சுமி ஒரு சாக்கு நிறைய நூல் கோன் தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டு, தைக்கத் தெரியாத கவலையோடு இறங்கினாள்.

ஆனந்தகுமார் ஜெயபாண்டியின் தோளில் கை போட்டார்.

"பன்னிரண்டு ஊரு. எழுதி வச்சுக்கோங்க. இல்ல, வேணாம், நீங்க எழுதாதீக. ஒவ்வொரு ஊர்லயும் கடைசியில நீங்க தோக்கணும். இன்னொண்ணு, இந்த ஐயாதான் நடுவர். மொதலாளின்னு பாக்காம மணியடிச்சாரு பாருங்க, அந்த நேர்மைக்காகத்தான் நான் இதை நடத்துறேன். அவுக இல்லேன்னா ஒரு ஊரும் கிடையாது."

அவர் போனதும் ஜெயபாண்டி பெரியவரின் காலில் விழப்போனார். அதற்குள் பையில் போன் அடித்தது.

"தம்பி, நான் புலவர் ரத்தினம் பேசுறேன். 'ள' போட்ட பவளம் மஹால்ல ஒக்காந்திருக்கேன். நீங்க மெசேஜ்ல அப்படித்தான் போட்டிருந்தீக. இங்க ஏதோ கல்யாணம் நடக்குது. சாப்பாடுகூட ஆச்சு. போட்டியை எப்ப ஆரம்பிப்பீக?"

ஜெயபாண்டி போனை மெல்ல இறக்கினார். பெரியவர் மாலையைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா... அப்ப நீங்க யாரு?"

"நான் பால்பாண்டி, ஆட்டுத் தரகன். நாளைக்கு இங்க காதுகுத்தாமுல்ல? எத்தனை கிடா வேணும்னு கேக்கலாம்னு வந்தேன். நீங்கதான் பேசவே விடலையே."

"சரிய்யா, சரி. தமிழ் எங்க படிச்சீக? அதையாவது சொல்லுங்க."

"நான் பள்ளிக்கொடத்துப் பக்கமே போனதில்ல தம்பி, பலகையில என்ன இருந்துச்சுன்னே தெரியாது, எழுதுறவுக மொகத்தையும் கையையும்தான் பாத்தேன்," என்றார் பால்பாண்டி, துண்டை உதறித் தோளில் போட்டபடி. "உங்களுக்கெல்லாம் சாக்பீஸைக் கையில வாங்கும்போதே அடிச்சிருக்கணும், வீட்டம்மா ஒக்காந்திருக்காகளேன்னு கொஞ்சம் பொறுத்தேன்."